தள்ளுபடி

விடுதலை என்று ஜெயில் கதவைத் திறந்துவிட்டபோது, போகமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் செஞ்சி தாலுகாவில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி இதை இன்றைக்கும் சொல்கிறாள். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதற்குள் கதை தொடங்கிவிடும். அவள் சொல்லும் கதை கம்பியில் தொடங்கிக் கம்பியிலேயே முடியும். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காபி குடிப்பார்கள். அந்தக் கம்பிக்கு முன்னால் ஒன்றரை வருஷம் இருந்ததே, அதை அவள் சொல்வதில்லை. அது என் பங்கு என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

அறுபதுகளின் நடுவில் நான் பஸ் கண்டக்டர். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. சொந்த ஊர் சிங்கவரம். எங்கள் தெருவில் கழனி வேலைக்குப் போகாமல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லையை வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். என் நைனாவுக்கு அந்த வில்லைமேல் என்னைவிட மரியாதை அதிகம். வில்லையைக் குத்திக்கொண்டு நின்றால் என்னையே "இன்னாங்க" என்று கூப்பிடுவார். கழற்றி வைத்துவிட்டால் "டேய்" தான்.

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். படிக்கட்டில் தொங்குகிறவனையும் அரை டிக்கெட் எடுக்க வேண்டிய வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுகிறவளையும் சும்மா விட்டதில்லை. இதனால் எனக்கு வேண்டாதவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் நான் ஜெயிலுக்குப் போனதற்கு அவர்கள் யாரும் காரணமில்லை. என்மேல் யாருக்கும் பகை இல்லாமலேயே எல்லாம் நடந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அன்று அவலூர்பேட்டையில் சந்தை. பஸ் டாப்பில் வேர்க்கடலை மூட்டையும் கூடையும் கோழியுமாக அடைந்து கிடந்தது. கிளீனர் காய்ச்சல் என்று வரவில்லை. நானே ஏணியில் ஏறி எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினேன். அதில் ஒன்று, செஞ்சி கடைவீதி ஜவுளிக்கடைக்காரருக்குப் போக வேண்டிய கைத்தறிச் சேலை மூட்டை. செஞ்சியில் வந்து பார்த்தால் கடலை இருக்கிறது, கோழி இருக்கிறது, சேலை மூட்டை இல்லை. வழியில் விழுந்ததா, எந்த ஸ்டாப்பிங்கிலாவது எவனாவது இறக்கிக்கொண்டு போனானா, எனக்குத் தெரியாது. ஜவுளிக்கடைக்காரர் மூட்டையைக் காணோம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். மூட்டையைக் கட்டியவன் யார் என்று போலீஸ் கேட்டது. நான்தான் என்றேன். அத்தோடு விசாரணை முடிந்துவிட்டது.

நான் எடுக்கவில்லை. இதை இங்கே பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எந்தக் கோர்ட்டும் கடைசிவரை எனக்கு வாய்ப்புத் தரவில்லை.

ஜாமீன் உண்டு என்றார்கள். பட்டா வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் எல்லோரும் நாள் முழுக்க நிலத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் ஒருவர் பெயரிலும் நிலம் கிடையாது. நைனா தான் வேலை செய்த கழனிக்காரர்களிடம் போய்க் கேட்டார். போலீஸ் கேஸ் என்றதும் ஒருவருக்குத் தலைவலி வந்தது, இன்னொருவர் வீட்டிலேயே இல்லை. பஸ் முதலாளி மட்டும் நேர்மையாகப் பதில் சொன்னார். "நான் கையெழுத்து போட்டா நாளைக்கி என் பர்மிட்டுல கை வெப்பாங்க. நீ போய்ட்டு வா, வேலைய வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்." அவர் அப்படிச் சொன்ன வாரமே வேறு ஆளைப் போட்டார்.

சப்-ஜெயிலும் கோர்ட்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. நடுவில் ஒரு வேப்பமரம். முற்றத்தில் நின்றால் செஞ்சிக்கோட்டை ராஜகிரியின் உச்சி தெரியும். அந்த மலையைப் பிடிக்க எத்தனையோ வருஷம் வெளியே படை காத்துக் கிடந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அப்போது, இவ்வளவு நாள் சும்மா உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்று நினைத்தேன். என் முறை வந்தபோது எனக்கும் பொறுமை இல்லை. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

வாய்தா நாள் வந்தால் என் கையில் விலங்கு மாட்டி வேப்பமரத்தைச் சுற்றிக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். கோர்ட்டு டவாலி என் பெயரை மூன்று தடவை கூவுவார். நான் அவருக்கு எதிரிலேயேதான் நின்றுகொண்டிருப்பேன். அப்புறம் ஜவுளிக்கடைக்காரர் பெயரை மூன்று தடவை கூவுவார். அதற்குப் பதில் வராது. வழக்கில் முதல் சாட்சி அவர்தான், அவர் வராமல் கேஸ் நகராது. உடனே வாய்தா. மறுபடி விலங்கு, மறுபடி வேப்பமரம், மறுபடி உள்ளே. பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாயிற்று, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி இருந்தது எனக்கு. என் பஸ்ஸில் இப்படி நடந்திருந்தால் பயணிகள் கண்ணாடியை உடைத்திருப்பார்கள்.

ஜவுளிக்கடைக்காரர் வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று சொல்லமாட்டேன். முதலில் ஆடி மாதம், கடையை விட்டு நகர முடியவில்லை. அப்புறம் தீபாவளி. அப்புறம் பொங்கல். அதற்கப்புறம் முகூர்த்த மாதங்கள், ஊரெல்லாம் கல்யாணம். அவர் ஓய்வாக இருந்த மாதத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல் வந்தது. புது மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்தபோது இன்ஸ்பெக்டர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மறுபடி ஆடி. என் மனைவி சாப்பாடு கொண்டுவரும்போது கடைவீதிச் செய்தியும் கொண்டுவருவாள்.

"உன் மேல கேஸ் குடுத்தாரே, அவுரு கடையில தள்ளுபடி போட்டுட்டாங்க மாமா. தள்ளுபடின்னு இம்மாம் பெரிய போர்டு. கூட்டம் தாங்கல. அவுரு எங்க வரப்போறாரு இந்த வாய்தாவுக்கு?"

அவள் சொன்னபடியே அவர் வரவில்லை.

உள்ளே இருந்த காலத்தில் கோர்ட்டு பாஷை முழுவதையும் நான் கற்றுக்கொண்டேன். ரிமாண்டு, சம்மன், பிடிவாரண்டு, மேல்மனு என்று ஒரு வார்த்தை விடவில்லை. புதிதாக வருகிறவனுக்கு அவன் கேஸ் என்ன ஆகும் என்று நானே விளக்குவேன். என்னை 'வக்கீல் கண்டக்டர்' என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த வார்த்தைகளில் ஒன்று, தள்ளுபடி. ஜாமீன் மனுப் போட்டவன் முகம் தொங்கிப்போய் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தால், கேட்கவே வேண்டாம், தள்ளுபடி. எங்கள் ஜெயிலில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கேட்டது கிடைக்கவில்லை என்பது.

அங்கே ஓர் ஆட்டுத் திருடன் இருந்தான். நான் வந்து சில நாளில் வந்தான். முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் ஆமாம் சாமி, திருடினேன் என்று ஒத்துக்கொண்டான். தண்டனை கொடுத்தார்கள், அனுபவித்தான், வெளியே போனான். கொஞ்ச நாளில் வேறொரு ஆட்டுக்காக வந்தான். மறுபடி ஒத்துக்கொண்டான், மறுபடி போனான். மூன்றாவது தடவை அவன் உள்ளே வந்தபோது நான் அதே மூலையில் அதே பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

"இன்னாண்ணே, நீ இன்னும் போவலியா?"

"எனக்கு இன்னும் விசாரணையே ஆரம்பிக்கல."

"நீ எடுக்கலன்னு சொல்லிக்கினே இருந்தா எங்க ஆரம்பிப்பாங்க? எடுத்தேன்னு சொல்லுண்ணே. இவ்ளோ நாள் இருந்துட்ட இல்ல, பார்த்து கம்மியா குடுத்து அனுப்பிச்சிடுவாங்க. நல்லவனா இருந்தா இங்க ரொம்ப நாளாவும்ணே."

அவன் சொன்னது கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னான். நானும் மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொண்டால் கொஞ்ச காலத்தில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் வில்லை போய்விடும். திருட்டுக் கேசில் தண்டனை பெற்றவனுக்குக் கண்டக்டர் லைசென்ஸ் யாரும் தரமாட்டார்கள். நைனா என்னை இனி எப்போதும் "டேய்" என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த மூலையில் எத்தனை ஆடி போகும் என்று தெரியாது. அந்த வாரம் என் மனைவி வந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கழனியிலிருந்து நேரே வந்திருந்தாள், கால் முட்டிவரை சேறு காய்ந்திருந்தது. நான் உள்ளே போன நாளிலிருந்து வீட்டில் அடுப்பு எரிந்ததெல்லாம் அவள் கூலியில்தான்.

"நீ எடுத்தியா மாமா?"

"நான் எங்க எடுத்தேன்!"

"அப்ப இன்னாத்துக்கு எடுத்தேன்னு சொல்ற? வாராவாரம் அந்த வில்லைய நான் தேச்சிக்கினு கெடக்கறேன், கை எரியுது. சும்மாவா தேய்க்கறேன்? ஒத்துக்கினு வர்றதா இருந்தா சொல்லிடு. அத வித்து முறுக்கு வாங்கித் துன்னுட்டு போறேன்."

சாப்பாட்டுத் தூக்கை நங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஒத்துக்கொள்வது பற்றி நான் நினைக்கவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்டக்டர்மேல் குறை இருந்தால் பயணி அந்தக் கண்டக்டரிடமேவா எழுதிக் கொடுப்பான்? பஸ் முதலாளிக்குத்தானே எழுதுவான்? என்னைப் பற்றியே எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! அப்படியென்றால் இந்தக் கோர்ட்டுக்கும் ஒரு முதலாளி இருப்பான் இல்லையா? மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு ஒரு மனு எழுதினேன். தமிழில்தான். என்னைப் பற்றி எழுதப்பட்ட புகார்களின் நடையே எனக்கு மனப்பாடம் என்பதால் சிரமமில்லை. 'ஐயா, நான் குற்றவாளி என்றால் தண்டனை கொடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டும் செய்யாமல் வைத்திருப்பது எந்தச் சட்டம் என்றாவது சொல்லுங்கள்' என்று முடித்திருந்தேன்.

இப்போது சீக்கிரம் விசாரிக்கப்படுவதும் ஓர் உரிமை என்று பேப்பரில் போடுகிறார்கள், படித்தவர்கள் பேசுகிறார்கள். அன்றைக்கு அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. உரிமை என்று நினைத்து நான் எழுதவில்லை. எரிச்சலில் எழுதினேன்.

அதை அனுப்ப வேண்டியவர் ஹெட் வார்டர். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை. வாயில் வெற்றிலை இருந்தால் பேசமாட்டார். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் தலையை அண்ணாந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "சாப்பாடு." "வாய்தா." "பொண்டாட்டி." இப்படி. மற்றதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் மனுவைப் படித்துப் பார்த்தார். அவரையும் சேர்த்துத்தான் அதில் குறை சொல்லியிருந்தேன். என்னை ஒரு தடவை பார்த்தார், அண்ணாந்தார், "சரி" என்றார். முத்திரை போட்டு மேலே அனுப்பிவிட்டார். இன்றுவரை நான் மறக்காமல் நன்றி சொல்கிறவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் மறுபடி காத்திருப்பு. ஐகோர்ட்டிலிருந்து கேஸ் கட்டை அனுப்பச் சொல்லி ஆணை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்காகப் பேச மெட்ராசில் ஒரு வக்கீலைக் கோர்ட்டே வைத்திருக்கிறது என்றும் சொன்னார்கள். அந்த வக்கீலின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை. தீபாவளி வந்தது, போனது. பொங்கல் அன்று வெளியே தெருவில் பானை பொங்கிய கூச்சல் உள்ளே கேட்டது. ஆட்டுத் திருடனும் நானும் ஆளுக்கொரு துண்டு கரும்பு கடித்தோம். அவன் மூன்றாவது ஆட்டுக்கான தண்டனையின் கடைசி மாதத்தில் இருந்தான்.

பொங்கல் முடிந்து சில வாரம் கழித்து ஒரு முற்பகல். ஹெட் வார்டர் கையில் ஒரு காகிதத்தோடு வந்து கதவைத் திறந்தார். வாய் நிறைய வெற்றிலை. அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"தள்ளுபடி."

ஐகோர்ட்டும் கைவிட்டுவிட்டது, இனிமேல் யாருக்கு எழுதுவது என்று நினைத்தேன். அவர் மறுபடி அண்ணாந்தார்.

"மூட்டை."

மூட்டையைக் கட்டு என்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வக்கீல் கண்டக்டர் இல்லையா! மனு தள்ளுபடி ஆகிவிட்டது. மேலே எழுதினான் என்று இங்கே இருப்பவர்களுக்கு என்மேல் கோபம். அதனால் கடலூருக்கோ வேலூருக்கோ பெரிய ஜெயிலுக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனால் என் மனைவி கழனி வேலை முடிந்து சாப்பாட்டோடு நடந்து வர முடியாது. அவளை வருஷக்கணக்கில் பார்க்க முடியாது. இது மட்டும்தான் அப்போது மனசில் ஓடியது. ஓடிப்போய் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் போவ மாட்டேன்! இன்னா பண்ணாலும் சரி, இங்கியேதான் இருப்பேன்!"

ஹெட் வார்டரின் கண் விரிந்தது. என்ன பேசுவதற்கும் அவர் வாயில் இடமில்லை. தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், நான் வரவில்லை. ஆட்டுத் திருடன் எழுந்து வந்து, "போண்ணே, கூப்பிடறாங்க இல்ல, எடம் ஆவட்டும்" என்றான். அவனை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அன்று அவள் வழக்கமாகச் சாப்பாடு கொண்டுவரும் நாள் இல்லை. ஆனாலும் என் மனைவி ஏதோ வேலையாகச் செஞ்சிக்கு வந்தவள் அப்படியே சாப்பாட்டோடு வந்திருந்தாள். வாசலில் அவளிடமும் ஹெட் வார்டர் அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"மாமா, தள்ளுபடின்னு சொல்றாங்களே, இன்னும் உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கற? வா!"

குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"தள்ளுபடின்னா இன்னான்னு தெரியுமாடி உனக்கு?"

"இது தெரியாதா? கொறச்சிட்டாங்கன்னு அர்த்தம். கடவீதி பூரா எழுதி வெச்சிருக்கானே."

"அது கடை பாஷை! இது கோர்ட்டு பாஷை! கோர்ட்டுல தள்ளுபடின்னா கெடைக்கலன்னு அர்த்தம்! ஐகோர்ட்டு என் மனுவத் தள்ளிட்சி!"

"உனக்கு ரொம்பத் தெரியும். மனுவ தள்ளுனா கதவ ஏன் தொறக்கறாங்க? வெளிய தள்ளிட்டாங்க மாமா, வந்து சேரு!"

இப்படி நான் ஜன்னல் கம்பியிலும் அவள் வாசல் கம்பியிலுமாக நின்றுகொண்டு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டோம். கோர்ட்டுக்கு வந்திருந்தவர்கள் வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். கடைசியில் ஹெட் வார்டருக்குத் தாங்கவில்லை. முற்றத்துக்குப் போனார், வாயில் இருந்ததையெல்லாம் சுவரோரம் துப்பினார், திரும்பி வந்தார். அவர் ஒரு முழு வாக்கியம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"யோவ் கண்டக்டர்! மனு தள்ளுபடி இல்லய்யா, கேசுய்யா தள்ளுபடி! விசாரிக்காம இவ்ளோ நாள் வெச்சது தப்புன்னு ஐகோர்ட்டு உன் மேல இருந்த கேஸயே தள்ளிட்சி. பாய சுருட்டிக்கினு வூட்டுக்குப் போய்யா!"

கையைக் கம்பியிலிருந்து எடுக்கத் தெரியவில்லை எனக்கு. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஆட்டுத் திருடன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அது சந்தோஷம்கூட இல்லை. ரொம்ப தூரம் சுமந்துகொண்டு வந்த மூட்டையை இறக்கி வைத்தால் தோள் தானாக மேலே எழும்புமே, அப்படித்தான் இருந்தது. வாசலில் என் மனைவி, "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று வார்டர், போலீஸ், வேப்பமரத்தடிக் கூட்டம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாயையும் தட்டையும் ஆட்டுத் திருடனுக்கே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கையில் விலங்கு இல்லாமல் நடந்தபோது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் முன்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், அப்புறம் பின்னால். என் மனைவி பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டதும் நடை சரியாக வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டுமானால் கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். ஜவுளிக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு விரைவாகப் போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். கல்லாவை விட்டு எழுந்து படி இறங்கியே வந்துவிட்டார். ஒன்றரை வருஷம் நூறு அடி தள்ளியிருந்த கோர்ட்டுக்கு வராத மனிதர், எனக்காக மூன்று படி இறங்கி வந்தார்.

"இன்னாப்பா கண்டக்டரு, எளச்சிப் பூட்டியே! நானே உன்ன பாக்கணும்னு இருந்தேன். என்னால ஒரு வாய்தாவுக்குக்கூட வர முடியலப்பா. தோ வரலாம்னு பாத்தா ஆடி வந்துடுது, அப்புறம் தீபாவளி வந்துடுது."

நான் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"நீ எடுத்தேன்னு நான் எங்கப்பா சொன்னேன்? மூட்டைய காணோம்னுதான எழுதிக் குடுத்தேன். உன் பேரே நான் எழுதல. கோர்ட்டுக்கு வந்து அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன். இந்தப் பையன் பேர்ல எனக்கு சந்தேகமே இல்லீங்கன்னு. ஒரு நிமிஷ வேல. எங்க, நேரமே கெடைக்கல."

அந்த ஒரு வார்த்தை. அதை அவர் சொல்லியிருந்தால் முதல் வாய்தாவிலேயே நான் வீட்டுக்குப் போயிருப்பேன். ஒன்றரை வருஷமாக அந்த வார்த்தையை அவர் பத்திரமாகக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார். தூக்கை அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் அதற்குள் என் தோளில் கை வைத்தார்.

"அடுத்த வாய்தா என்னிக்கி? சொல்லு. கடைய மூடிட்டாவது இந்த வாட்டி வந்துடறேன்."

என் மனைவி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம் மொதலாளி. தள்ளுபடி ஆயிடிச்சி."

கடைக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார், கடைக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மெய்யாகவே வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"தள்ளுபடியா? அது பொங்கலோட முடிஞ்சிடிச்சேம்மா."

நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் இரண்டு பேரும் சிரித்தோம். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது அவள் "பொங்கலோட" என்பாள், மறுபடி தொடங்கிவிடும். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கொஞ்சம் சிரித்தார். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தபோது கொஞ்சம் மிச்சம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதைக் காணோம்.

பஸ் ஸ்டாண்டில் சிங்கவரம் வழியாகப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தோம். வில்லை வீட்டில் பளபளவென்று இருக்கிறது, போனதும் குத்திப் பார் என்றாள் அவள். நான் தலையை ஆட்டினேன். டிரைவர் சீட் காலியாக இருந்தது. எங்கே டிரைவர் என்று யாரோ கேட்டார்கள், டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று கண்டக்டர் சொன்னார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். கண்டக்டர் ரைட் என்றார். பஸ் கிளம்பியது.